சுறா எண்ணெ ஊத்துன ஜாக்கி

ஜெயசிங் இன்னைக்கு அந்த வண்டிக்கு அடியில போயி மல்லாக்கப் படுக்கப் போறான். விடிஞ்சதுலருந்து வீரபாகுக்கு வேற நெனப்பே கெடையாது. பழையதும் எறங்கல, காப்பியும் எறங்கல. ஜெயசிங்குக்கு நெஞ்சு ஒரு பீப்பா அகலம். அவன் உள்ள போனா நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சாண் எடம் மிஞ்சுனா பெருசு. அந்த ஒரு சாண நம்பித்தான் அவன் உசுரு. அதத் தாங்கப் போறது எது? மந்திரமூர்த்தி அண்ணாச்சி மினுமினுப்பப் பாத்து வாங்குன ஜாக்கி. த்தூ.

ஜெயசிங் அண்ணாச்சிக்கு ட்ரைவர். வீரபாகுக்குப் பள்ளிக்கூடத்துலருந்து கூட்டாளி. வீரபாகு பீச் ரோட்டுல ஹென்றி அண்ணன் ஒர்க்‌ஷாப்புல இருக்கான். அவனுக்கு மோட்டார்னா கோட்டி, பைத்தியம். ரோட்டுல ஒரு வண்டி போனா சத்தத்த வச்சே எந்த சிலிண்டர் அடிக்கலன்னு சொல்லுவான். கேக்காதவன்கிட்டயும் சொல்லுவான். சொல்லி முடிக்க முன்ன அடுத்த வண்டி வந்துட்டா அதப் பத்தி ஆரம்பிச்சிருவான். ஒரு எடத்துல நிக்க மாட்டான், கையில எதையாவது சுத்திக்கிட்டே இருக்கணும்.

அண்ணாச்சிக்குக் கருவாட்டு மண்டி. அது பேருக்கு. நெசத்துல ஏத்திவிட்டது சுறா எண்ணெதான். உலகச் சண்டை நேரத்துல சீமையிலருந்து மீனெண்ணெ வாரது நின்னு போச்சுல்லா, ஆசுபத்திரி ஆசுபத்திரியா நம்ம கடல் சுறாவோட ஈரலத்தான் காய்ச்சிக் குடுத்தாங்க. அண்ணாச்சி மண்டிக்குப் பின்வளவுல அடுப்பு மூட்டுனாரு. சண்டை முடிஞ்சு வருசம் ஒண்ணாச்சு, அடுப்பு இன்னும் அணையல. அந்த வளவுக்குள்ள காலு வச்சா மொதல்ல மூக்குக்குள்ள ஏறும், பொறவு தொண்டைக்குள்ள எறங்கும், அப்பறம் சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கும் கூட வரும். வீரபாகுவோட அம்மா அவன் மண்டிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு வாசல்லயே சட்டையக் கழத்தச் சொல்லிருவா.

அண்ணாச்சிக்கு அந்த வீச்சம் தெரியாது. அவருக்கு அது மருந்து. பிள்ளைக்குச் சளின்னா சுறா எண்ணெ. கதவு கீச்சுன்னு கத்துனா சுறா எண்ணெ. மாட்டுக்குக் குளம்புல புண்ணுன்னா சுறா எண்ணெ. தலைமுடி கொட்டுதுன்னு தனக்கும் அதத்தான் தேச்சாரு. மிச்சம் இருந்ததும் போச்சு.

இப்படிப்பட்ட ஆளு கையில போயி அந்த வண்டி மாட்டுச்சு பாருங்க, அதத்தான் வீரபாகுவால தாங்க முடியல. துரை ஒருத்தர் மூட்ட முடிச்சக் கட்டி ஊருக்குப் போகையில வித்துட்டுப் போன டூரிங் கார். இருபத்தெட்டாம் வருசத்து மாடல். மடக்குற கேன்வாஸ் கூரை, மரக்கால் சக்கரம், மொகத்துல பெருசா ரெண்டு வெளக்கு. துரை அத எம்புட்டு நல்லா வச்சிருந்தாரு! எஞ்சின் ஓடையில போனட்டு மேல தண்ணி டம்ளர வச்சா அலுங்காது. அந்த வண்டியில அண்ணாச்சி என்ன செஞ்சாரு? பின்சீட்டுல எண்ணெ டின்ன ஏத்துனாரு. ஒண்ணு ரெண்டா, அடுக்கி அடுக்கி ஏத்துனாரு. தோல் சீட்டு எண்ணெயக் குடிச்சுக் கறுத்துப் போச்சு, அந்தப் பாரத்துல எடது பக்கம் பின் ஸ்பிரிங் பட்டை மடார்னு ஒடிஞ்சுது. சீட்டத் தொட்டுட்டுக் கைய மோந்து பாத்த வீரபாகு, அத மண்ணுல தேச்சுத் தொடச்சான்.

"பட்டைய மாத்தணும் அண்ணாச்சி. அதுக்கு வண்டியப் பின்னால தூக்கணும். தொரை ஜாக்கிய எங்க?"

"அது சவம் எங்கன கெடக்கோ. புதுசா வாங்கிருவோம். நீ கூட வாலே. ஞாயித்துக்கெழம ஆறுமுகநேரியில மச்சினன் வீட்டுக் கல்யாணம், அதுக்கு நான் வண்டியிலதான் போயி எறங்கணும்."

அப்பத்தான் கடற்கரையோரம் மிலிட்டரிக்காரன் விட்டுட்டுப் போன சாமானக் குமிச்சு வச்சு ஏலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வீரபாகு சும்மா போகல. பின் டயருல காத்தப் புடுங்கிவிட்டு, வண்டி எறங்கி நிக்கையில ஆக்சிலுக்குக் கீழ எம்புட்டு ஒசரம் இருக்குன்னு ஒரு ஈர்க்குச்சிய வச்சு அளந்து, அந்த அளவுக்கு ஒடிச்சுச் சட்டப்பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனான். ஜாக்கி வாங்கப் போறவன் மொதல்ல பாக்க வேண்டியது அது. எம்புட்டுத் தூக்கும்னு எல்லாரும் கேக்கான். உள்ள நொழையுமான்னு எவனும் கேக்க மாட்டேங்கான்.

குமியலுக்குள்ள ரெண்டு ஜாக்கி தேறுச்சு. ஒண்ணு ஸ்குரூ ஜாக்கி. குட்டையா, அடிப்பாகம் தோசைக்கல்லு மாரி அகலமா, துருவேறிக் கெடந்துது. வீரபாகு குச்சிய எடுத்துப் பக்கத்துல நிறுத்துனான். குச்சிய விட ரெண்டு வெரக்கட குட்டை. மரையில மண்ண ஊதிட்டுச் சுத்திப் பாத்தான். துரு மேலதான், உள்ள மரை அப்படியே இருக்கு. தலையில ஒரு பள்ளம் வேற, ஆக்சில் வழுக்காம உக்காந்துக்கிடும். அவனுக்குச் சிரிப்பு அள்ளிட்டு வந்துது.

"அண்ணாச்சி, இதான். கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

அண்ணாச்சி அதக் காலால ஒரு தள்ளு தள்ளுனாரு. "என்னலே இது, குப்பைக்குள்ள கெடந்த மாரி." அவரு கண்ணு அடுத்ததுல நின்னுட்டு. அது எண்ணெ ஜாக்கி. ஒசரமா போத்தலு கணக்கா, பச்சப் பெயிண்டு, நடுவுல தண்டு வெள்ளியா மின்னுது. ஏலக்காரன் பிடிய ரெண்டு அமுக்கு அமுக்குனான், தண்டு எந்திரிச்சு வந்துது. சுத்தி நின்னவன்லாம் வாயப் பொளந்தான்.

"லாரியவே தூக்கும் அண்ணாச்சி!"ன்னான் ஏலக்காரன்.

"கேட்டியாலே? லாரியவே தூக்குமாம்."

"அண்ணாச்சி, நம்ம கார் லாரியா? குச்சியப் பாருங்க, இது ஆக்சிலுக்கு அடியில நொழையவே செய்யாது. அடி வேற ஒரு டம்ளர் அகலம்தான், நம்ம வளவு சிப்பியும் மணலும், புதைஞ்சிரும். உள்ள தோல் வாஷர் இருக்கும், வெயில்ல கெடந்து காஞ்சிருக்கும். ஸ்குரூ ஜாக்கின்னா நாம சுத்துனாத்தான் எறங்கும். இது நம்மளக் கேக்காம எறங்கும்."

"அந்தத் துருவ எவன் உக்காந்து சுத்துவான்? கை வலிக்கும்லே."

"ஒங்க கையா சுத்தப் போவுது?"

சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அது தப்பாப் போச்சு. அண்ணாச்சி மொகம் சுருங்கிட்டு. வாயில கெடந்த வெத்தலைச் சாற, போற வாற ஆளு காலுல தெறிக்கத் துப்பிட்டு, "பச்சைய எடுத்து வைடே"ன்னுட்டாரு. ஆக்சில்ல நொழையலன்னா மேல சேசிஸ் சட்டத்துல வச்சுத் தூக்கணுமாம். அம்புட்டுதான் அவரு கணக்கு. ஒரு கருவாட்டு மூடையக்கூட மோந்து, ஒடச்சு, உள்ள பூச்சி இருக்கான்னு பாக்காம வாங்காத மனுசன் இவரு. ஒரு உசுரத் தாங்குற சாமான நெறத்தப் பாத்து வாங்குதாரு. வீரபாகு அதோட நிக்கல. ஒர்க்‌ஷாப்புக்குப் போயி ஹென்றி அண்ணன இழுத்துட்டு வந்து அந்தத் துருப்பிடிச்ச ஜாக்கியத் தங்க பட்டறைக்கு எடுக்க வச்சான்.

இன்னைக்கு, வெள்ளிக்கெழம காலையில, வீரபாகு மண்டி வளவுக்குள்ள நொழைஞ்சதும் வழக்கமான வீச்சத்துக்கு மேல இன்னொரு வீச்சம். கிட்டத்துல போகப் போகக் கூடுது. ஜாக்கியிலருந்து வருது. பச்சப் பெயிண்டு மேல மஞ்சளா வழிஞ்சு, ஈ மொய்க்கு.

"அண்ணாச்சி, இதுக்குள்ள என்னத்த ஊத்துனீங்க?"

அண்ணாச்சி பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி, நின்னுக்கிட்டு இருக்காரு. "நேத்து அமுக்கிப் பாத்தேன், எந்திரிக்கல. காஞ்சு கெடந்துது. நம்மகிட்ட எண்ணெய்க்கா பஞ்சம்? ஊத்துனேன். இப்பம் பாரு, கொக்கு மாரி எந்திரிக்கு."

"சுறா எண்ணெயா? அய்யே! ஹென்றி அண்ணன்கிட்ட இதுக்குன்னு எண்ணெ இருக்குல்லா, ஒரு வார்த்த சொல்லிவிட்டா நான் கொண்டு வந்திருப்பேன்லா!"

"பிள்ளையே குடிக்குது, இரும்பு குடிக்காதாலே?"

ஜெயசிங் அந்தப் பக்கம் நின்னு மொகத்தத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கான். வீரபாகுக்குச் சிரிப்பு வரல. டின்னு கிட்டப் போயி உள்ள எட்டிப் பாத்தான். அரிக்காத எண்ணெ. அடியில ஈரல் கசடு களி மாரி கெடக்கு, அதுல ஒரு கரப்பான் செத்து மெதக்கு. இதத்தான் மொண்டு ஊத்தியிருக்காரு. ஜாக்கிக்குள்ள மொளகு பருமன்ல ஒரு இரும்புக் குண்டு உண்டு. ஏறுன எண்ணெயத் திரும்ப ஓடவிடாம அடச்சுப் பிடிக்கிறது அந்தக் குண்டுதான். அதுக்கு அடியில கசடு ஒரு துணுக்குச் சிக்குனாப் போதும், எண்ணெ பைய ஒழுகும். சத்தம் கேக்காது. வண்டி எறங்குறதும் கண்ணுக்குத் தெரியாது. அடியில படுத்திருக்கவனுக்குத்தான் தெரியும்.

அதுக்குள்ள வேலையாளு ரெண்டு பேரு சேந்து பின்னால தூக்கிட்டாங்க. எடது பின் சக்கரத்தையும் கழத்தியாச்சு. சக்கரம் இல்லாம அந்த மூலை ஜாக்கி ஒத்தைத் தண்டுல நிக்கு. வீரபாகு ஓடிப்போயி மொதல்ல முன் சக்கரத்துக்குக் கல்லு வச்சான். வளவு வாசல் பக்கம் சரிவு, மீன் கழுவுன தண்ணி வெளிய ஓடணும்ல, அதுக்காக அப்படிப் போட்டிருக்கு. கைப்பிரேக்கப் போட்டிருக்கேன்னு ஜெயசிங் சொல்லுதான்.

"கைப்பிரேக்கு பின் சக்கரத்துலதான்ல புடிக்கும்? பின் சக்கரம் ஒண்ணு கழண்டு கெடக்கு, மத்தது பாரமில்லாம லேசாத் தரையத் தொட்டுக்கிட்டு நிக்கு. அப்பறம் எதப் புடிக்கும்? முன் சக்கரத்துக்கு இந்தக் கல்லுதான்ல பிரேக்கு."

ரெண்டு சக்கரத்துக்கும் முன்னால நல்ல கருங்கல்லாப் பாத்து முட்டுக் குடுத்தான். ஜாக்கிக்கு அடியில பலகை இருக்கான்னு பாத்தான். இருக்கு, யாரோ கருவாட்டுப் பெட்டி மூடியப் போட்டிருக்கான். அதுவும் கீறல் விட்டுருக்கு. இனி பேசிப் பிரயோசனம் இல்லன்னு மறுபடி ஈர்க்குச்சியத்தான் நம்புனான். சேசிஸ்ல இருந்து தரைக்கு எம்புட்டோ அம்புட்டு நீளத்துக்கு இன்னொரு ஈர்க்க ஒடிச்சு, நட்டக்குத்தா நிறுத்துனான்.

"இப்பம் எல்லாரும் சும்மா நில்லுங்க. குச்சிய மட்டும் பாருங்க."

அண்ணாச்சி வெத்தலை மடிச்சு வாயில போட்டாரு. மென்னாரு. அவரு மென்னு முடிக்கல, ஈர்க்கு நடுவுல லேசா வளைஞ்சுது. இன்னும் செத்த நேரத்துல வில்லு மாரி ஆயிட்டு.

"அன்னா பாத்தீங்களா? எறங்குது."

"எறங்கல. வண்டி அமருது. புது ஜாக்கில்லா, அப்படித்தான் அமரும். ரெண்டு அமுக்கு அமுக்குனா ஏறிக்கிடும்." வேலையாளுகளும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுதானுவ. அண்ணாச்சி கடலு இனிக்குன்னு சொன்னாலும் அவனுவ ரெண்டு வாய் குடிச்சுட்டு ஆமாம்பானுவ.

"அண்ணாச்சி, ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான். தாங்குறதுக்குக் கட்டை வேணும். நல்ல தேக்குக் கட்டையா ரெண்டு சேசிஸுக்கு அடியில குடுத்து, ஜாக்கிய எறக்கி, வண்டி கட்டையில உக்காந்த பொறவு தோளக் குடுத்து ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஆளு உள்ள போகணும். ஒங்க டின்னுக்கு அடியில வரிசையாக் கெடக்கே கட்டை, அதுல ரெண்டு குடுங்க."

"டின்னு எறக்கி ஏத்தணும்லாலே? நல்ல நேரம் போயிரும். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வண்டிக்கும் ஜாக்கிக்கும் பூசையப் போட்டு, வேலையில கை வச்சிரணும்."

"அப்பம் நான் ஒர்க்‌ஷாப்புல போயிக் கொண்டாரேன். கைவண்டியில வச்சா ஒரு ஓட்டம்." அவன் ஜெயசிங் சட்டையப் புடிச்சு இழுத்தான். "ஏலே, நான் வராம நீ குனியக் கூடாது. வெளங்குதா? மொதலாளி சொன்னாலும், சாமி வந்து சொன்னாலும்."

"சரிலே. நீ என்ன, என் பொண்டாட்டியவிட மோசமா இருக்க."

"சொல்லுல."

"குனிய மாட்டேம்டே. போ."

வீரபாகு ஓடுனான். ஒர்க்‌ஷாப்புல ஹென்றி அண்ணன் கையில கிரீஸோட நிமுந்து பாத்தாரு. "என்னடே, பேய் தொரத்துதா?"

"சுறா எண்ணெ அண்ணே! ஜாக்கிக்குள்ள சுறா எண்ணெய ஊத்தியிருக்காரு!"

ஹென்றி அண்ணன் கையில இருந்த ரெஞ்சக் கீழ வச்சுட்டாரு. "ஏசுவே!"ன்னு ஒரு வார்த்ததான். வேற எதுவும் கேக்காம அந்தத் துருப்பிடிச்ச ஸ்குரூ ஜாக்கியத் தூக்கிக் கைவண்டியில வச்சாரு. தோணி ஒடச்ச தேக்குக் கட்டை ரெண்டு மூலையில கெடந்துது, அதையும் ஏத்துனாரு. "போ. வெரசாப் போ."

வெயில் ஏறிட்டு. ரோட்டுல உப்பு மூடை ஏத்துன மாட்டு வண்டி வரிசையா நிக்கு, வெலகவே மாட்டேங்கு. வீரபாகு கத்திக்கிட்டே கைவண்டியத் தள்ளிட்டுப் போறான். மண்டி வாசல்கிட்ட வரும்போதே மணிச்சத்தம் கேட்டுச்சு. பொம்பளைங்க குலவை போடுதாங்க. சாம்பிராணியும் சுறா எண்ணெயும் கலந்து ஒரு வீச்சம் வந்துது பாருங்க, சீ!

உள்ள நொழைஞ்சான். கண்ணு மொதல்ல போனது முன் சக்கரத்துக்கு.

கல்லக் காணோம்.

கல்லு ரெண்டும் செவத்தோரமா சந்தனம் பூசி அழகா அடுக்கி வச்சிருக்கு. கல்லு கெடந்த எடத்துல எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒண்ணு. மஞ்சளா, குண்டா, குங்குமம் வச்சு. வாகன பூசைன்னா சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைக்கணும், சக்கரத்துக்கு முன்னால கல்லு கெடந்தா போற காரியத்துக்குத் தடங்கல்னு பூசாரி சொல்லியிருக்காரு. ஒடனே எடுத்துட்டாங்க. ஒரு டன்னு இரும்பு சரிவுல நிக்கு, அதப் புடிச்சு நிறுத்துறது ரெண்டு எலுமிச்சம்பழம்!

பின்னால பாத்தான். ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருக்கு. ஜெயசிங் காலு. இடுப்புக்கு மேல எல்லாம் வண்டிக்கு அடியில.

"ஜெயசிங்கு! வெளிய வால!"

மணி அடிக்கு. குலவை. யாருக்கும் கேக்கல. அண்ணாச்சி ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பிக் கண்ண மூடிக்கிட்டு நிக்காரு. ஜாக்கிக்குப் பொட்டு வச்சு, கழுத்துல ஒரு முழம் பூவு சுத்தியிருக்கு. அந்தப் பூவு பைய, பையக் கீழ போவுது. தண்டு உள்ள எறங்குது. நட்டு வச்ச ஈர்க்கு ஒடிஞ்சு கெடக்கு.

முன் சக்கரத்துக்கு அடியில இருந்து 'பிச்'னு ஒரு சத்தம். பழச்சாறு தெறிச்சுது. வண்டி ஒரு வெரக்கட முன்னால நகந்துது.

வீரபாகு கைவண்டிய அப்படியே விட்டுட்டுப் பாஞ்சு ஒரு காலப் புடிச்சான். இழுத்தான். ஜெயசிங் பீப்பா நெஞ்சு உள்ள எங்கயோ இடிக்கு, வர மாட்டேங்கு. "இன்னொரு கால யாராவது புடிங்கலே! புடிங்க!" வேலையாளு ரெண்டு பேரும் வாயப் பொளந்து நிக்கானுவ. பூசாரி மணிய நிறுத்திட்டு ரெண்டு அடி பின்னால போயிட்டாரு. அண்ணாச்சி கண்ணத் தொறந்து, "என்னலே பூசை நேரத்துல"ன்னு ஆரம்பிக்காரு.

தட்டோட நின்ன சண்முகத்தாய்தான் வந்தா. அண்ணாச்சி பொண்டாட்டி. தேங்காய், பழம், கற்பூரம் எல்லாத்தையும் தட்டோட வீசி எறிஞ்சுட்டு வந்து அடுத்த காலப் புடிச்சா. "ஏளா செண்பகம், என் இடுப்பப் புடிச்சு இழு!"ன்னு பின்னால நின்னவளப் பாத்துக் கத்துனா. மூணு பேரும் சேந்து இழுத்த இழுப்புல ஜெயசிங் சட்டை கிழிஞ்சு, முதுகுத் தோலு சிப்பியில ஒரஞ்சு, சரசரன்னு வெளிய வந்தான்.

வந்து முழுசா ஒரு மூச்சு விடல. ஜாக்கி சாஞ்சுது. பெட்டி மூடி படார்னு ரெண்டாப் பொளந்துது. வண்டி முன்னால உருண்டு, பின்மூலை அப்படியே தரையில விழுந்துது. பிரேக்கு டிரம் சிப்பிக்குள்ள ஒரு சாண் புதைஞ்சிட்டு. ஜெயசிங் நெஞ்சு இருந்த எடத்துல இப்பம் ஒரு கை நொழையாது. ஜாக்கி தெறிச்சுப் போயி செவத்துல மோதி, வாயத் தொறந்து மஞ்சளா எண்ணெயக் கக்குச்சு. அதுல பாதி அண்ணாச்சி பட்டு வேட்டியில.

ஈ மட்டும் இரையுது.

ஜெயசிங் எந்திரிச்சு உக்காந்தான். முதுகுல ரத்தம். வீரபாகு மொகத்தப் பாக்காம, "பூசைக்கு மட்டும் ஒரு நிமிசம் உள்ள போய் ரெஞ்ச வைலேன்னு மொதலாளி சொன்னாவ. நல்ல நேரத்துல கை வச்சிரணும்னு..."

"நான் சொன்னேம்லா?"

"சொன்ன."

அப்பத்தான் அண்ணாச்சிக்குக் குரல் வந்துது. வேட்டிய ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, சக்கரத்துக்கு அடியில நசுங்கிக் கெடந்த எலுமிச்சம்பழத்தப் பாத்து அவரு கண்ணு கலங்கிட்டு. "பாத்தீங்களாடே! பழம் காவு வாங்கிட்டு. ஆளுக்கு வந்தத அது வாங்கிக்கிட்டு. இதுக்குத்தான் பூசை வைக்கணுங்கிறது." பூசாரி ஓடியாந்து ஆமா, கண்கூடு, கண்கூடுன்னு சொல்லுதாரு. வேலையாளுகளும் கன்னத்துல போட்டுக்கிட்டானுவ.

வீரபாகு தன் கையப் பாத்தான். கையெல்லாம் சுறா எண்ணெ, ஜெயசிங் ரத்தம், சந்தனம். தொடைக்க எடமில்லாம தரையில மண்ண அள்ளித் தேக்கான். போகல.

அண்ணாச்சி இடுப்புல சொருகுன கடியாரத்த எடுத்துப் பாத்தாரு. "இன்னும் நேரம் இருக்கு. ஏலே ஜெயசிங்கு, முதுகுல கொஞ்சம் எண்ணெயத் தடவிக்கோ, சரியாப் போவும். மறுபடி தூக்கி வச்சு ஒரு திருகு திருகிட்டா வேலை ஆரம்பிச்ச மாரி. ஜாக்கிய எடுங்கடே."

இதக்கூட வீரபாகு தாங்கியிருப்பான். அவரு அப்படித்தான், புதுசா என்ன. ஆனா ஜெயசிங் எந்திரிச்சு நின்னு, கிழிஞ்ச சட்டைய இடுப்புல சுத்திக்கிட்டு, ரெஞ்சத் தேடிக் குனிஞ்சான் பாருங்க, அதப் பாத்ததும்தான் அவனுக்கு எல்லாமே கசந்து போச்சு.

"நீ என்னலே செய்யுத?"

"விடுடே. வேற என்ன செய்யச் சொல்லுத? மொதலாளி சொல்லுதாவல்லா."

வீரபாகு போயி அந்தப் பச்ச ஜாக்கிய ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்தான். எண்ணெ முழங்கை வரைக்கும் ஒழுகுது. அண்ணாச்சி காலுக்கு முன்னால கொண்டாந்து தொம்முன்னு வச்சான்.

"அண்ணாச்சி, நல்ல நேரந்தான?"

"ஆமாலே, அதான் சொல்லுதேன்."

"பழம் காவு வாங்கிட்டு. இனி ஒண்ணும் ஆகாது."

"ஆகாது."

"அப்பம் நான் இதுலயே தூக்கி நிறுத்துதேன். மொதல்ல நீங்க படுங்க. நெஞ்ச அங்கன குடுத்து ஒரே ஒரு திருகு. மொதலாளி கை பட்டா இன்னும் விசேசம்லா."

அண்ணாச்சி சிரிக்கப் பாத்தாரு. வாயி ஒரு பக்கமா மட்டும் போச்சு. சுத்தி யாரும் சிரிக்கல. பூசாரி குங்குமத்த டப்பாக்குள்ள போட்டு மூடுதாரு. "கோட்டிக்காரப் பயலே, பட்டு வேட்டியோட எப்படிப் படுக்க முடியும்?"

"வேட்டிதான் போச்சே"ன்னா சண்முகத்தாய். அவ தரையில செதறுன தேங்காயப் பொறுக்கிக்கிட்டே, நிமுந்துகூடப் பாக்காமச் சொல்லுதா. "படுங்களேன்."

"ஏளா!"

"என்ன ஏளா? பிள்ளைக்குக் குடுக்கோம், இரும்புக்கு ஊத்துதோம், நம்ம எண்ணெதான? நம்ம எண்ணெய நாமளே நம்பாட்டா எப்படி? படுங்க. நான் குலவை போடுதேன்."

வேலையாளு ஒருத்தன் வாயப் பொத்திக்கிட்டுத் திரும்பிட்டான். அண்ணாச்சி வண்டியப் பாத்தாரு. புதைஞ்சு கெடந்த பிரேக்கு டிரம்மப் பாத்தாரு. ஜெயசிங் முதுகப் பாத்தாரா இல்லையான்னு தெரியல. கடியாரத்த மறுபடி எடுத்து, காதுல வச்சுக் கேட்டு, "ராகுகாலம் பொறந்துட்டு"ன்னாரு. பொறக்கல. வெயில் நிழலப் பாத்தா யாருக்கும் தெரியும். ஆனா அப்படித்தான் சொன்னாரு. சொல்லிட்டு வேட்டியத் தூக்கிப் புடிச்சபடி மண்டிக்குள்ள போயிட்டாரு. போற வழியெல்லாம் சொட்டுச் சொட்டா எண்ணெ. ஈ பின்னாலயே போச்சு.

வாசல்ல கைவண்டி கவுந்து கெடந்துது. வீரபாகு ஸ்குரூ ஜாக்கிய எடுத்துட்டு வந்தான். மண்ணுக்குள்ள புதைஞ்ச டிரம்மச் சுத்தித் தோண்டி, கைவண்டிப் பலகை ஒண்ண அடியில குடுத்து, ஜாக்கிய உக்காத்துனான். கல்லு ரெண்டையும் சந்தனத்தோடயே தூக்கிட்டு வந்து முன் சக்கரத்துக்கு முட்டு வச்சான். வேலையாளு யாரும் கிட்ட வரல, ராகுகாலமாம். ஜெயசிங்தான் பிடியப் புடிச்சுச் சுத்துனான். கிர்ரு கிர்ருன்னு சத்தம், ஒரு சுத்துக்கு ஒரு நூல் அளவுதான் ஏறுது. கை வலிக்கத்தான் செய்யுது. மாத்தி மாத்திச் சுத்துனாங்க. வேணுங்கிற ஒசரத்துக்கு ஏறுனதும் தேக்குக் கட்டை ரெண்டையும் சேசிஸுக்கு அடியில நிறுத்தி, ஜாக்கிய எறக்கி, வண்டியக் கட்டை மேல உக்கார வச்சாங்க. பொறவு ஜாக்கியச் சும்மா தொட்டுக்கிட்டு நிக்க மாரி பக்கத்துலயே ஏத்தி நிறுத்துனான் வீரபாகு, அது ரெண்டாவது காவலு.

அப்பறம் தோளக் குடுத்து ஒரு தள்ளு. முழு பெலத்தோட. வண்டி அசையல. மறுபக்கம் போயி இன்னொரு தள்ளு. மேல கேன்வாஸ் மட்டும் ஆடிச்சு.

உள்ள மண்டிக்குள்ள இருந்து அண்ணாச்சி குரல் கேக்குது, யாரோ ஏவாரிகிட்டச் சொல்லுதாரு: "...அப்படியே பழம் நசுங்கிச்சு வே, ஆளு பொழச்சுட்டான். கண்ணால பாத்தேன்." வீரபாகு வாசப்பக்கம் பாத்து ஒருதரம் காறித் துப்புனான். வாயிலயும் அந்த எண்ணெ ருசி.

ஜெயசிங் குனிஞ்சான். நின்னான். பொறவு முதுகு எரியுதுன்னு ஒரு சாக்க விரிச்சு, பைய அடியில நகந்து போனான். காலு ரெண்டும் மட்டும் வெளிய. உள்ள இருந்து அவன் குரல் வந்துது.

"ஏலே வீரபாகு."

"என்ன?"

"கட்டை நிக்கா?"

"நிக்கு."

"ஜாக்கி?"

"அதுவும் நிக்கு."

"கல்லு? பழத்த எதுவும் வச்சிரலயே?"

"கல்லுதாம்ல."

"மொதலாளி?"

"உள்ள போயிட்டாரு."

அந்தப் பீப்பா நெஞ்சு ஒருதரம் நல்லா மூச்ச இழுத்து விட்டது வெளிய வரைக்கும் கேட்டுச்சு.

"அப்பம் சரி. அந்த பெரிய ரெஞ்ச எடு. மொதல்ல அதத் தொடச்சுட்டுக் குடு, சவம் நாறுது."